சோளக்காட்டு ஊரில் மயக்க மருந்து செவிலியரின் சம்பளம்

அமெரிக்காவில் செவிலியர் சம்பளத்தை மாநில வாரியாக அடுக்கிப் பார்த்தால் கலிஃபோர்னியா எப்போதும் உச்சியில் இருக்கும். தெற்கு டகோட்டா, அயோவா போன்ற மத்திய மேற்கு மாநிலங்கள் கடைசி வரிசையில் கிடக்கும். படிப்பு ஒன்றுதான், தேர்வு ஒன்றுதான், வார்டில் ஓடுகிற ஓட்டமும் ஒன்றுதான். ஆனாலும் அயோவாவில் ஒரு செவிலியர் வாங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கலிஃபோர்னியாவில் கிடைக்கிறது.

அதே அயோவாவில் மயக்க மருந்து கொடுக்கும் செவிலியரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும். சுற்றிலும் சோளமும் சோயாவும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத ஒரு சின்ன ஊரில், 25 படுக்கை ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவருக்கும் ஆண்டுக்கு இரண்டு லட்சம் டாலர் என்பது எட்டாத தொகை இல்லை. அங்கே வீட்டு விலையோ நாட்டின் சராசரியைவிட வெகு குறைவு. மாநில வருமான வரி 2025 முதல் எல்லோருக்கும் ஒரே விகிதம், 3.8 சதவீதம். மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவதைக் கணக்குப் போட்டால், லாஸ் ஏஞ்சலீசில் இருப்பவரைவிட இவரே வசதியாக இருக்கக்கூடும்.

படிப்பு, திறமை, பொறுப்பு எல்லாம் இந்தச் சம்பளத்துக்குக் காரணம்தான். ஆனால் அவை நகரத்திலும் கிராமத்திலும் ஒன்றுதான். ஊருக்கு ஊர் மாறுவது வேறு இரண்டு விஷயங்கள்: அந்த ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்க இன்னொருவர் இருக்கிறாரா என்பதும், அவருக்கான பணத்தை யார் எந்தக் கணக்கில் தருகிறார்கள் என்பதும். இந்த இரண்டும் புரிந்துவிட்டால் சம்பளப் பட்டியல் தானாகப் புரிந்துவிடும்.

நம் ஊரில் மயக்க டாக்டர் வராமல் ஆபரேஷன் தொடங்காது. நோயாளியை மேஜையில் படுக்கவைத்துவிட்டு, இன்னொரு நர்சிங் ஹோமில் கேஸ் முடித்துவிட்டு பைக்கில் வந்துகொண்டிருக்கும் மயக்க டாக்டருக்காக எல்லோரும் காத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் அது மருத்துவரின் வேலை. அமெரிக்காவில் அந்த நாற்காலியில் மருத்துவரும் உட்காரலாம், அதற்கென்றே தனியாகப் படித்த செவிலியரும் உட்காரலாம். அந்தச் செவிலியரைத்தான் சுருக்கமாக சி.ஆர்.என்.ஏ. என்கிறார்கள். நோயாளியைப் பரிசோதிப்பது, மருந்தின் அளவை முடிவு செய்வது, மூச்சுக் குழாய் போடுவது, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வது, ஆபரேஷன் முடியும்வரை ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் கவனித்துக்கொண்டே இருந்து கடைசியில் கண் விழிக்க வைப்பது என்று முழு வேலையையும் அவரே செய்கிறார்.

சரி, எவ்வளவு? அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் 2024 மே மாதக் கணக்குப்படி நாடு முழுவதும் மயக்க மருந்து செவிலியரின் நடுமதிப்புச் சம்பளம் ஆண்டுக்கு 2,23,210 டாலர். அதாவது பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் இதற்குக் கீழும் வாங்குகிறார்கள். சாதாரணச் செவிலியருக்கு அதே கணக்கில் 93,600 டாலர். ஒரு மருத்துவரைப்போல நோயாளியைப் பார்த்து மருந்து எழுதிக் கொடுக்கும் நர்ஸ் பிராக்டிஷனருக்கே 1,29,210 டாலர்தான். செவிலியத் துறைக்குள் இவ்வளவு உயரத்தில் வேறு எந்தப் பிரிவும் இல்லை. மயக்கவியல் மருத்துவருக்கு இதைவிட ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்குவரை போகும்.

இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது, அந்த அலுவலகம் ஒரு தொழிலின் உயர்மட்டச் சம்பளங்களை 2,39,200 டாலர் என்ற கோட்டுக்கு மேல் துல்லியமாக வெளியிடுவதில்லை. அதைத் தாண்டினால் ‘இதற்குச் சமம் அல்லது அதிகம்’ என்று மட்டும் போட்டுவிடும். நடுமதிப்பே 2,23,000 ஆகிவிட்ட ஒரு தொழிலில், மேலே இருப்பவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பது அந்த அட்டவணையில் தெரியவே தெரியாது. இரண்டாவது, அது சம்பளப் பட்டியலில் இருக்கும் ஊழியர்களை மட்டுமே எண்ணுகிறது. சொந்தக் கணக்கில் ஒப்பந்தம் போட்டு வேலை செய்பவர்கள் அதில் சேர்த்தி இல்லை. மத்திய மேற்கின் கிராமப்புறத்தில் இந்தத் தொழிலைச் செய்பவர்களில் நிறையப் பேர் அப்படிப்பட்டவர்கள்தான். ஆகவே அயோவாவின் சராசரி இவ்வளவு என்று எங்காவது ஒரு எண்ணைப் பார்த்தால், அதில் பாதிக் கதைதான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது நல்லது.

இந்தத் தொழில் வேர்விட்டதே அந்தப் பக்கத்தில்தான். அயோவாவின் வடக்கு எல்லையைத் தாண்டி மினசோட்டாவுக்குள் கொஞ்ச தூரம் போனால் ராச்செஸ்டர் வரும். மேயோ சகோதரர்கள் அறுவை சிகிச்சை செய்த ஊர். அவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்தவர் ஆலிஸ் மகாவ் என்ற செவிலியர். நோயாளியின் முகத்தில் மெல்லிய துணி மூடியை வைத்து, ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டபடி, பயத்தைப் போக்குவதற்காக அவரோடு பேசிக்கொண்டே இருப்பார். பேச்சால் பாதி, மருந்தால் மீதி என்பதுபோல ஆளை உறங்க வைப்பார். பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட மயக்கங்களைப் பற்றி 1906-இல் அவர் எழுதிய கட்டுரையில், மயக்க மருந்தால் நேரடியாக நேர்ந்த மரணம் ஒன்றுகூட இல்லை என்று பதிவு செய்தார். கையில் கருவி என்று பெரிதாக எதுவும் இல்லாத காலம் அது.

இது மருத்துவர் செய்யவேண்டிய வேலை, செவிலியர் செய்வது சட்டவிரோதம் என்று அப்புறம் வழக்குகள் வந்தன. கென்டக்கியில் 1917-இல் தீர்ப்பு செவிலியர் பக்கம் வந்தது. லாஸ் ஏஞ்சலீசில் டாக்மர் நெல்சன் என்ற செவிலியர் மீது மருத்துவர்கள் தொடுத்த வழக்கில் 1936-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றமும் அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. அறுவை மருத்துவரின் மேற்பார்வையில் மயக்க மருந்து கொடுப்பது செவிலியத்தின் எல்லைக்குள் வரும் என்றது நீதிமன்றம். தொழில் பிழைத்தது. ஆனால் சம்பளம் உயர இன்னும் ஐம்பது ஆண்டுகள் ஆயின. 1986-இல் வந்த ஒரு சட்டத்தால், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேருக்கு மயக்க மருந்து செவிலியர் தம் பெயரிலேயே பில் அனுப்பும் உரிமை கிடைத்தது. 1989-இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை அவருடைய உழைப்பு ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு வரி. அதற்குப் பிறகு அவரே வருமானம் கொண்டுவருகிறவர். என்னைக் கேட்டால் இன்றைய சம்பளத்தின் கதை அந்த ஆண்டில்தான் தொடங்குகிறது.

அந்த பில் எப்படிப் போடப்படுகிறது என்பதைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் எல்லாமே அதில் இருக்கிறது. ஒவ்வொரு அறுவை சிகிச்சைக்கும் அதன் சிக்கலைப் பொறுத்து அடிப்படைப் புள்ளிகள் உண்டு. லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுப்பதற்கு 7 புள்ளி. கண்புரைக்கு 4. அதோடு ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் ஒரு புள்ளி சேரும். பித்தப்பை ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம் எடுத்தால் 7-ம் 6-ம் சேர்ந்து 13. மெடிகேர் ஒரு புள்ளிக்குத் தருவது சுமார் 20 டாலர். ஆக மொத்தம் 260 டாலர். தனியார் காப்பீடு என்றால் ஒரு புள்ளிக்கு இதைப்போல மூன்று நான்கு மடங்கு கிடைக்கும்.

பெரிய நகர ஆஸ்பத்திரிகளில் ஒரு மயக்கவியல் மருத்துவர் ஒரே நேரத்தில் இரண்டு முதல் நான்கு தியேட்டர்களை மேற்பார்வை பார்ப்பார். ஒவ்வொரு தியேட்டரிலும் ஒரு சி.ஆர்.என்.ஏ. உட்கார்ந்திருப்பார். அப்போது அந்த 260 டாலர் ஆளுக்குப் பாதியாகப் பிரியும். செவிலியர் தனியாகச் செய்தால் முழுத் தொகையும் அவர் கணக்கில் வரும். இதற்கு பில்லில் ‘கியூ.இசட்’ என்று ஒரு குறியீடு போடுவார்கள்.

தனியாகச் செய்ய எல்லா இடத்திலும் விடுவதில்லை. மெடிகேர் விதிப்படி மயக்க மருந்து செவிலியருக்கு ஒரு மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். அது மயக்கவியல் மருத்துவராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, அறுவை செய்யும் மருத்துவரே போதும். ஆனாலும் அந்தக் கையெழுத்துக்குத் தயங்கும் அறுவை மருத்துவர்கள் உண்டு. ஏதாவது ஆகிவிட்டால் பழி நம் தலையில் விழுமோ என்ற பயம். 2001 நவம்பரில், மாநில ஆளுநர் விரும்பினால் இந்த மேற்பார்வை நிபந்தனையிலிருந்து தம் மாநிலத்தை விலக்கிக்கொள்ளலாம் என்று விதி மாறியது. அடுத்த மாதமே விலகிய முதல் மாநிலம் அயோவா. ஆளுநர் டாம் வில்சாக் அதில் கையெழுத்திட்டார். அடுத்த சில ஆண்டுகளில் நெப்ராஸ்கா, மினசோட்டா, கன்சாஸ், வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா என்று சுற்றியிருந்த மாநிலங்கள் வரிசையாகப் பின்தொடர்ந்தன. கலிஃபோர்னியா 2009-இல்தான் வந்தது. இன்று ஏறத்தாழ பாதி மாநிலங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. முதலில் முந்திக்கொண்டவை எல்லாம் பெரும்பாலும் கிராமப்புற மாநிலங்கள் என்பதைக் கவனியுங்கள். அங்கே மயக்கவியல் மருத்துவர் கிடைப்பதில்லை. இருக்கிற அறுவை மருத்துவரும் கையெழுத்துக்குத் தயங்கினால், அந்த விதியை வைத்திருந்து யாருக்கு என்ன பயன்?

இனி ஒரு சின்னக் கணக்கு. அயோவாவில் 99 மாவட்டங்கள். அவசியச் சிகிச்சை ஆஸ்பத்திரி என்று அரசு அங்கீகரித்த, 25 படுக்கைக்கு மேற்படாத சிற்றூர் ஆஸ்பத்திரிகள் மட்டும் எண்பதுக்கு மேல் இருக்கின்றன. அப்படி ஒன்றில் ஆண்டுக்கு 800 கேஸ் நடப்பதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் கண்புரை, குடல் உள்நோக்கிப் பரிசோதனை, குடலிறக்கம், பித்தப்பை. சராசரியாக ஒரு கேசுக்கு 8 புள்ளி. நோயாளிகளில் பெரும்பகுதி வயதானவர்கள், எனவே மெடிகேர் விலையிலேயே போடுவோம். 800 கேஸ், 8 புள்ளி, 20 டாலர்: பெருக்கினால் 1,28,000 டாலர். ஒரு செவிலியரின் நடுமதிப்புச் சம்பளத்துக்கே கிட்டத்தட்ட ஒரு லட்சம் டாலர் துண்டு விழுகிறது. சலுகைகள், விபத்துக் காப்பீடு, விடுப்பில் போனால் மாற்று ஆள் என்று சேர்த்தால் பள்ளம் இன்னும் ஆழம்.

அப்படியானால் அந்தச் சின்ன ஆஸ்பத்திரி அவருக்கு எப்படிச் சம்பளம் கொடுக்கிறது? இங்கேதான் வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு மெடிகேர் விதி வருகிறது. கிராமப்புற ஆஸ்பத்திரி ஒன்றில் மயக்க மருந்து தேவைப்படும் சிகிச்சைகள் ஆண்டுக்கு 800-ஐத் தாண்டாமல் இருந்து, ஒரு முழுநேர ஆளின் 2,080 மணி நேரத்துக்குள் அந்த வேலை அடங்கினால், புள்ளிக் கணக்கை ஒதுக்கிவிட்டு, உண்மையில் ஆகும் செலவை மெடிகேர் தன் பங்குக்கு ஈடு செய்யும். இந்தச் சலுகை மயக்க மருந்து செவிலியருக்கும் மயக்கவியல் உதவியாளருக்கும் உண்டு. மயக்கவியல் மருத்துவருக்குக் கிடையாது. சிற்றூர் ஆஸ்பத்திரி நிர்வாகி எந்தப் பக்கம் சாய்வார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. செவிலியரின் சம்பளத்தைச் சந்தை விலைக்கு உயர்த்திக் கொடுத்தாலும் அதில் ஒரு பகுதி அரசிடமிருந்து திரும்பி வந்துவிடும். மருத்துவரை வைத்தால் முழுச் சுமையும் ஆஸ்பத்திரித் தலையில். இது தவிர, 2003-இல் வந்த சட்டத்தின்படி அவசியச் சிகிச்சை ஆஸ்பத்திரிகளுக்குப் பொதுவாகவே செலவுக்கு மேல் ஒரு சதவீதம் சேர்த்து, 101 சதவீதமாக மெடிகேர் தருகிறது.

800 என்ற அந்த எல்லைக்கோடு ஒரு தலைவலியும்கூட. வேலை கூடக் கூட ஆஸ்பத்திரிக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் 801-ஆவது கேஸ் வந்தால் சலுகை போய்விடும். இதற்காக டிசம்பரில் கேஸ்களை எண்ணிக்கொண்டு உட்காரவேண்டியிருக்கும் விதி நல்ல விதி என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அது இல்லாமல் போனால் பல சிற்றூர்களில் ஆபரேஷன் தியேட்டரே இருக்காது.

செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்றாலும், மீதியைத் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஏன் இந்த ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கு ஒரு நாளைப் பார்த்தால் போதும். வாரத்தில் ஒரு நாள் நூறு மைல் தள்ளியிருக்கும் நகரத்திலிருந்து கண் மருத்துவர் வருவார். இன்னொரு நாள் எலும்பு மருத்துவர். அன்று முழுக்க கேஸ்கள் வரிசையாக இருக்கும். சாயங்காலம் அவர்கள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மயக்க மருந்து செவிலியர் ஊரிலேயே இருப்பார். இரவு இரண்டு மணிக்குப் பிரசவ வலியில் ஒரு பெண் வந்தால், முதுகில் மெல்லிய குழாய் வைத்து வலியைக் குறைப்பவர் அவர். குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கி அவசரமாக வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் அந்தச் சில நிமிடங்களில் தாயை மயக்கத்தில் ஆழ்த்துபவரும் அவர். பனிப்புயலில் கார் மோதி, மூச்சுத் திணறும் ஒருவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தால், மற்றவர்களால் மூச்சுக் குழாய் போட முடியாதபோது கூப்பிடப்படுபவரும் அவரே. அவர் விட்டுப்போனால் கண் மருத்துவரின் நாளும் எலும்பு மருத்துவரின் நாளும் ரத்து. ஆஸ்பத்திரியின் பெரிய வருமானமே அந்த நாட்கள்தான்.

இதில் சம்பளத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு விலை உண்டு. இப்படி ராத்திரி பகலாக அழைப்புக்குக் காத்திருப்பது என்பது கையில் ஒரு போன் வைத்திருப்பது மட்டும் கிடையாது. கூப்பிட்டால் அரை மணிக்குள் வந்து நிற்கிற தூரத்தில்தான் இருக்கவேண்டும். பிள்ளையின் பள்ளி விழாவுக்குப் பக்கத்து நகரத்துக்குப் போகமுடியாது. இரண்டு பேர் மட்டும் இருக்கும் ஊரில் மாதத்தில் பாதி நாள் இப்படி. ஒரே ஒருவர் என்றால் சொல்லவே வேண்டாம். நகரத்தில் ஒரு தியேட்டரில் ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுபவரின் சம்பளத்தோடு இதை ஒப்பிடும்போது, அந்த ராத்திரிகளையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

வேலையில் சேரும் விதத்திலும் எண்கள் புரண்டுபோகும். வரி அலுவலகப் படிவத்தின் பெயரை வைத்து இரண்டு வகையாகச் சொல்வார்கள்: டபிள்யூ-2, 1099. முதலாவது நிரந்தர ஊழியர். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பங்கு, சம்பளத்தோடு கூடிய விடுப்பு எல்லாம் உண்டு. இரண்டாவது ஒப்பந்தக்காரர். மணிக்கு 200 டாலருக்கு மேல் என்று விளம்பரம் வருவது இப்போது சாதாரணம். வாரம் 40 மணி, ஆண்டுக்கு 46 வாரம் என்று போட்டால் 3,68,000 டாலர் வரும். பார்த்ததும் மலைப்பாக இருக்கும். ஆனால் சமூகப் பாதுகாப்பு வரியில் முதலாளி கட்டவேண்டிய பாதியையும் இவரே கட்டவேண்டும். குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியச் சேமிப்பு, தொழில் தவறுக்கான காப்பீடு எல்லாம் சொந்தப் பணம். அந்தக் கடைசிக் காப்பீட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. சில பாலிசிகள் அது நடப்பில் இருக்கும்போது தொடுக்கப்படும் வழக்குகளுக்கு மட்டுமே பொறுப்பேற்கும். வேலையை விட்ட பிறகு வரும் வழக்குக்கு ‘வால்’ காப்பீடு என்று தனியாக வாங்கவேண்டும். அது ஒரே தவணையில் பெருந்தொகை. ஒப்பந்தத்தில் அதை யார் கட்டுவது என்ற ஒரு வரியைப் படிக்காமல் கையெழுத்திட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. எனவே 3,68,000-ஐயும் நிரந்தர ஊழியரின் 2,23,000-ஐயும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது தவறு. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் பார்வைக்குத் தெரிகிற அளவு இல்லை.

இந்த இடத்துக்கு வருவதற்கான பாதையும் மலிவானதில்லை. இந்தியாவில் படித்துவிட்டு அமெரிக்காவில் செவிலியராக இருக்கும் நம்மவர்கள் பலர் இதை யோசிக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். இளநிலைப் பட்டமும் அமெரிக்கச் செவிலியர் உரிமமும் வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு முழுநேர அனுபவம் வேண்டும்; இடம் கிடைப்பவர்களுக்குப் பெரும்பாலும் அதைவிட அதிகம் இருக்கும். 2022 ஜனவரி முதல் புதிதாகச் சேரும் எல்லோரும் முனைவர் நிலைப் படிப்பில்தான் சேரவேண்டும். அது மூன்று ஆண்டு. அதற்குள் குறைந்தது 2,000 மணி நேரம் தியேட்டரிலும் வார்டிலும் பயிற்சி. படிக்கும்போது பக்கத்தில் வேலை பார்ப்பது நடைமுறையில் முடியாத காரியம். கட்டணத்தோடு மூன்று ஆண்டுச் சம்பளத்தையும் இழந்ததாகத்தான் கணக்கு வைக்கவேண்டும். செவிலியராக ஆண்டுக்கு 90,000 வாங்கியவருக்கு அதுவே 2,70,000 டாலர்.

கடன் வாங்கும் வழியும் குறுகுகிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், பட்டமேற்படிப்புக்கு வரம்பின்றிக் கிடைத்துவந்த மத்திய அரசுக் கடனைப் புதியவர்களுக்கு 2026 ஜூலை முதல் நிறுத்துகிறது. சாதாரணப் பட்டமேற்படிப்பு என்றால் மொத்தம் ஒரு லட்சம் டாலர்தான். மருத்துவம், சட்டம் போன்ற தொழில்முறைப் படிப்பு என்றால் இரண்டு லட்சம். கல்வித் துறை வகுத்த வரைவில் செவிலியப் படிப்புகள் இரண்டாவது பட்டியலில் இடம்பெறவில்லை என்றதும் செவிலியர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. மூன்று ஆண்டு வருமானம் இல்லாமல் படிக்கும் ஒருவருக்கு ஒரு லட்சம் எந்த மூலைக்கு?

மறுபக்கத்தில் காப்பீட்டு நிறுவனங்கள் கைவைக்கின்றன. 2023-இல் சிக்னா, மருத்துவர் மேற்பார்வையின்றிச் செவிலியர் தனியாகச் செய்ததற்கான ‘கியூ.இசட்’ பில்களுக்குத் தருவதை 15 சதவீதம் குறைத்தது. வேலை அதே, நோயாளி அதே, நேரமும் அதே. நகரத்தில் மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்யும் குழுவுக்கு இதில் பாதிப்பு இல்லை. தனியாக நிற்கும் கிராமத்துச் செவிலியருக்குத்தான் அடி.

மயக்கவியல் மருத்துவர் சங்கம் செவிலியர் தனியாகச் செய்வதைத் தொடர்ந்து எதிர்க்கிறது. அவசரத்தில் மருத்துவப் படிப்பின் ஆழம் வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இருதரப்பின் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டின் ஆய்வுத் தொகுப்பு (மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது), எது மேல் என்று உறுதியாகச் சொல்லுமளவுக்குச் சான்று இல்லை என்றுதான் முடிவுக்கு வந்தது. அயோவாவின் சிற்றூரில் இருப்பவருக்கு முன்னால் இருக்கும் தேர்வும் அந்த இரண்டுக்கும் இடையில் இல்லை. ஊரிலேயே ஒரு செவிலியர் கையில் ஆபரேஷன் செய்துகொள்வதா, பனியில் நூறு மைல் காரோட்டிப் போவதா என்பதுதான் அவர் முன்னால் இருப்பது. ஆஸ்பத்திரி அந்தச் செவிலியருக்குக் கொடுக்கும் தொகையில் அந்த நூறு மைலும் அடங்கியிருக்கிறது.